கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

டிப்போவில் அவளுக்கு வைத்த பெயர் தூண். வருஷம் ஏற ஏற மரியாதையும் சேர்ந்து தூணக்கா ஆகிவிட்டது. பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று யாருக்கும் நினைவில்லை. காரணம் மட்டும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூட ஒரே நாளில் தெரிந்துவிடும். ஓடுகிற பஸ்ஸில் அவள் கம்பியைப் பிடித்ததே கிடையாது. இடது கையில் டிக்கெட் மெஷின் இருக்கும். வலது கை ஒருத்தர் பையை மேலே ஏற்றிவைக்கும், இன்னொருத்தர் குழந்தையைத் தாங்கும், மணிக்கயிற்றை இழுக்கும். பிடித்துக்கொள்ள மூன்றாவது கைக்கு எங்கே போவது? பாதம் இரண்டையும் குறுக்காகப் போட்டு, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை ஏதாவது ஒரு சீட்டின் ஓரத்தில் பட்டும் படாமலும் வைத்து நிற்பாள். டிரைவர் எப்பேர்ப்பட்ட பிரேக் போட்டாலும் நாற்பது பேர் முன்னால் சரிவார்கள். அவள் மட்டும் பின்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்து, அடுத்த டிக்கெட்டை நீட்டுவாள்.

இப்படி இருபத்திரண்டு வருஷம். ஒரே தடம், ரயிலடியிலிருந்து கடற்கரை முனை வரைக்கும். பெட்ரோல் பங்க் வளைவு, பள்ளிக்கூட வேகத்தடை, பாலத்தின் ஏற்றம் எல்லாம் அவள் உள்ளங்காலுக்கு மனப்பாடம். ஆனால் அந்தச் சாலையை அவள் முன்னால் பார்த்துப் பயணம் செய்ததில்லை. கண்டக்டருக்குப் பார்வை எப்போதும் பின்வாசல் பக்கம். பஸ் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இத்தனை வருஷமும் போயிருக்கிறாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தலை எண்ணுவது. இறங்கினது நாலு, ஏறினது ஆறு, ஆக மொத்தம் முப்பத்தெட்டு. வேலை முடிந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது. பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாலும் எண்ணுவாள், சினிமாக் கொட்டகையில் விளக்கு அணைவதற்குள் நாலு வரிசையை எண்ணி முடித்துவிடுவாள். கணவர் கேலி செய்வார்: "வீட்ல நாம ரெண்டு பேர்தான். வேணும்னா ஒரு தடவ எண்ணிட்டு வந்து சாப்பிடு."

அவர் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. எந்நேரமும் நாலைந்து ஃபிரிட்ஜ்கள் கதவைத் திறந்து போட்டபடி, டாக்டருக்கு நாக்கை நீட்டிக் காட்டும் நோயாளிகள் மாதிரி வரிசையாக நிற்கும். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுத் துணை அதிகமாக அந்த ஃபிரிட்ஜ்கள்தான்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அது நடந்தது.

பச்சைப்பை வைத்திருந்த ஓர் அம்மா பின்வாசல் வழியாக இறங்கினார். தூணக்கா கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. பஸ் கிளம்பியது. தொப் என்று ஒரு சத்தம். இறங்கியவர், குடையை மறந்துவிட்டோமே என்று திரும்பப் படியில் காலை வைத்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

விசாரணை நடந்தது. பயணி இறங்கிவிட்டு மறுபடி ஏற முயன்றார், நடத்துநர் மீது தவறில்லை என்று தாளில் எழுதி முத்திரையும் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பச்சைப்பை அம்மாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா, நான்தான் புத்தி கெட்டுப் போய் ஏறினேன்" என்றார். அதைக் கேட்டதும் தூணக்கா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். ஏனென்றால் தாளில் இல்லாத ஒன்று அவளுக்குத் தெரியும். அவள் அன்றைக்குப் படியைப் பார்க்கவில்லை. கண் அந்தப் பக்கம்தான் இருந்தது. மனசு நாற்பத்தொன்று என்று கூட்டிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் கயிற்றை இழுத்துவிட்டது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட.

மறுநாள் வேலைக்குப் போனாள். முதல் நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கை கயிற்றுக்குப் போனது, இழுக்கவில்லை. படியைப் பார்த்தாள். காலிதான். இன்னொரு தடவை பார்த்தாள். இப்போது யாராவது காலை வைத்திருந்தால்? மறுபடி பார்த்தாள்.

"என்னம்மா, பஸ் போகுமா, இல்ல இங்கயே குடிவெச்சிடப் போறீங்களா?" என்று முன் சீட்டில் ஒருவர் கேட்டார்.

நாலாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் அரைமணி தாமதம். டிரைவர் நல்ல மனுஷன், கண்ணாடியில் பார்த்து அவரே வண்டியை எடுத்துவிடுவார். எத்தனை நாளைக்கு? மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் அறை வேலையில இருங்கம்மா" என்றார். கொஞ்ச நாள் நீண்டு நீண்டு ஒன்பது மாதம் ஆனது. அப்புறம்தான் கெடு வைத்தார்: இன்னும் இரண்டு மாதத்தில் பரிசோதகரை ஏற்றி ஒரு சோதனை ஓட்டம். அதில் மணி அடித்தால் பஸ். இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரை அந்த அறைதான்.

அந்த அறை, பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன பொருட்களை வைத்திருக்கும் அறை. ஓர் ஆள் உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அலமாரித் தட்டுகளில் அறுபத்தொரு குடை, பத்தொன்பது சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்புகள் ஏழு, ஒரு பல்செட். எல்லாவற்றையும் வந்த முதல் நாளே எண்ணிவிட்டாள். மறுநாளும் எண்ணினாள். குடை ஒன்று சரிந்து தரையில் விழுந்தால் தொப் என்று கேட்கும், அவளுக்கு உடம்பு தூக்கிப்போடும். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாலும் அப்படித்தான். ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது எல்லா ஃபிரிட்ஜ் கதவின் ஓரத்திலும் பஞ்சு நாடா ஒட்டியிருந்தது. கணவர் மிச்ச நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

கெடு வைத்த அதே வாரத்தில் அந்தப் பொருள் அறைக்கு வந்து சேர்ந்தது. எட்டடி நீளம், நீல நிறம், கனமான பஞ்சுப் பலகை. அலையின் மேல் சறுக்கி விளையாடுவார்களே, அந்த சர்ஃபிங் பலகை.

டிப்போவின் டைம் கீப்பர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "குடைய மறக்கலாம். பல்லக்கூட மறக்கலாம். இவ்ளோ பெரிய கட்டுமரத்த எப்படிக்கா ஒருத்தன் மறந்துட்டு எறங்கிப் போவான்?"

"ஏத்தும்போது கண்டக்டர் என்ன பண்ணிட்டிருந்தான்னு கேளு" என்றாள் தூணக்கா. பல மாதங்களுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் நையாண்டி அது.

எந்தத் தட்டிலும் அது அடங்கவில்லை. தரையில் குறுக்கே கிடந்தது. பத்து நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். ஒரு மத்தியானம் தாண்டச் சலித்துப் போய் அதன் மேலேயே ஏறி நின்றாள். பாதம் இரண்டும் தாமாகக் குறுக்கே போயின. முழங்கால் தளர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். கீழே ஓடுகிற சாலை இல்லை; இருந்தாலும் உள்ளங்கால் எதையோ எதிர்பார்த்தது.

இறங்கிப் புரட்டிப் பார்த்தபோது, அடிப்பக்கம் பெயின்டில் எழுதியிருந்தது தெரிந்தது: 'உப்பு, கடற்கரை முனை'. சொந்தக்காரர் யாரென்று தெரிந்தால் நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அது அறையின் விதி. அன்று சாயங்காலமே பலகையைத் தூக்கிக்கொண்டு தன் பழைய தடத்துப் பஸ்ஸில் பயணியாக ஏறினாள். கடைசி சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க பின்வாசலைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு போனாள்.

கடற்கரை முனையில் பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பலகைகள் சுவரோடு சாய்ந்து நின்றன. முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தாள். முடியெல்லாம் உப்புப் பூத்து விறைத்து நின்றது. பெயர்க் காரணம் கேட்கவே வேண்டியதில்லை.

"ஐயோ, என் எருமை!" என்று கத்திக்கொண்டு பலகையைக் கட்டிப்பிடித்தாள்.

"எருமையா?"

"ஆமாக்கா. மெதுவாப் போகும், யார வேணா சுமக்கும், ஒதச்சாலும் கோச்சுக்காது. ஓட்டை அடைக்கக் கொண்டு போனேன். பஸ்ல ஒரு போன் வந்துச்சு, பேசிக்கிட்டே எறங்கிட்டேன். இங்க கத்துக்க வர்றவங்ககிட்ட சொல்லிடாதீங்க, மானம் போயிடும்."

"தேடி வந்திருக்கலாம்ல?"

"எட்டடிப் பலகைய பஸ்ல விட்டுட்டேன்னு போய்ச் சொல்ற தைரியம் வரலக்கா."

தூணக்கா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பேனாவைத் தேடினாள். உப்பு போட்ட கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டு, தேதி எழுதி நிமிர்ந்தபோது உப்பு வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் கீழ பாருங்க."

பார்த்தாள். கொட்டகை வாசலில் ஓர் உருளை, அதன் மேல் ஒரு மரப்பலகை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் நிலைதடுமாறாமல் நிற்கப் பழகும் சாதனம். பேனா தேடுகிற மும்முரத்தில் அதன் மேல் ஏறியிருக்கிறாள். உருளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருந்தது, அவள் அதன் மேல் நின்று எழுதி முடித்திருக்கிறாள்.

"இதுல ரெண்டு நிமிஷம் நிக்க எனக்கு ஆறு வாரம் ஆச்சு," என்றாள் உப்பு. "நீங்க யாருக்கா?"

"கண்டக்டர்" என்று சொன்ன பிறகுதான், ஒன்பது மாதமாக அந்த வார்த்தையைத் தான் சொல்லவே இல்லை என்பது தூணக்காவுக்கு உறைத்தது.

"நீச்சல் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டது. முழுகாம கரை சேருவேன்."

"ஞாயித்துக்கிழமை காலைல வாங்க."

வீட்டில் சொன்னதும் கணவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "கடல்ல? பலகை மேல? நீ?"

"ஏன், கூடாதா?"

"கூடாதுன்னு யார் சொன்னா? நானும் வர்றேன். நீ முழுகிட்டன்னு ஊருக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும்ல."

ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்க்கில் டீயும் துவாலையுமாக அவர் மணலில் உட்கார்ந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் பின்வாங்கிவிடுவார். அவள் தண்ணீருக்குள் விழுகிற ஒவ்வொரு தடவையும் சத்தமாக எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு... தலை வெளியே தெரிந்ததும் நிறுத்துவார். பத்தைத் தாண்டினால் தானே இறங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். இறங்கி என்ன செய்வார் என்பதை இருவரும் பேசவில்லை.

உருளை மேல் நின்றவளைக் கடல் மதிக்கவில்லை. எருமையின் மேல் குப்புறப் படுத்திருப்பாள், உப்பு பின்னாலிருந்து தள்ளிவிடுவாள், அலை தூக்கும். எழுந்து நிற்பதில் அவளுக்குச் சிரமமே இல்லை. முதல் தடவையே நின்றுவிட்டாள். நின்றதும் திரும்பிப் பின்னால் பார்த்தாள், விழுந்தாள். இரண்டாவது தடவையும் அதே. எட்டாவது தடவையும் அதே.

"அக்கா!" உப்பு இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள். "பின்னாடி என்ன பாக்குறீங்க? யாராச்சும் ஏறணுமா?"

கரையில் கணவர் சிரித்த சிரிப்பு அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, வாய்க்குள் உப்புத் தண்ணீரும் வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; கால் நகர்ந்தால் கண் பின்வாசலுக்குப் போகும்.

அடுத்த ஞாயிறு பின்னால் பார்ப்பதை ஒருவழியாக விட்டாள். அப்போது வேறொன்று முளைத்தது. பலகை வேகம் எடுக்கிற நேரம், அடுத்து பிரேக் விழும் என்று அவள் உடம்பு முன்கூட்டியே பின்பக்கம் சாய்ந்துகொள்ளும். சாய்ந்ததும் பலகையின் மூக்கு மேலே கிளம்பும், அலை கீழே நழுவிப் போய்விடும், அவள் மல்லாந்து விழுவாள்.

"இதுல பிரேக் போட ஆள் இல்லக்கா," என்று உப்பு சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "யாரும் நிறுத்தப் போறதில்ல. நீங்க எதுக்கு இப்பவே சாயறீங்க?"

"எனக்குத் தெரியுது. இடுப்புக்குத் தெரியல."

"இடுப்புகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

வாரம் முழுக்க இடுப்பிடம் எடுத்துச் சொன்னாள். அறையில் குடைகளுக்கு நடுவே பாதத்தைக் குறுக்காகப் போட்டு நின்றாள். டைம் கீப்பர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சிலை வைக்க அளவு குடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மகள் போனில், "அம்மா, அப்பா சொல்றது நிஜமா?" என்றாள். "உங்கப்பா என்னிக்குப் பொய் சொல்லியிருக்காரு?" என்றாள் இவள். "அதான் பயமா இருக்கு" என்றாள் மகள்.

நாலாவது ஞாயிறு காலை. இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காற்றே இல்லை. கடல் முழுக்கத் தேய்த்து வைத்த எஃகுத் தகடு மாதிரி கிடந்தது. அதில் எங்கோ தொலைவிலிருந்து மடிப்பு மடிப்பாக அலைகள் வந்துகொண்டிருந்தன. உடைகிற அவசரம் எதுவும் அவற்றுக்கு இருக்கவில்லை.

அன்று உப்பு தள்ளிவிட வரவில்லை. "நீங்களே பாத்து எடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

"எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

"பாருங்க. நல்லாப் பாருங்க. வேணும்னு தோணினா கையால துடுப்புப் போடுங்க. பாத்ததையே நின்னு மறுபடி பாத்தா அது போயிடும்."

மூன்று அலைகள் அப்படித்தான் போயின. பார்த்தாள், சந்தேகப்பட்டாள், மறுபடி பார்த்தாள். அது அவளைத் தூக்கி இறக்கிவிட்டுக் கரைக்குப் போனது. நாலாவது மடிப்பு வந்தது. அதன் முகத்தில் வெளிச்சம் பச்சையாக ஊடுருவியது. உள்ளே ஒரு பாசி இழை மிதப்பதுகூடத் தெரிந்தது. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எத்தனையாவது என்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கைகள் தண்ணீரை வாரின.

பின்னாலிருந்து கடல் முழுவதும் எழுந்து அவளுக்கு அடியில் வந்து நின்றது. அந்தக் கணத்தை அவளால் பிறகு யாருக்கும் சொல்லி முடிக்க முடியவில்லை. பஸ் கிளம்பும்போது ஓர் உதறல் இருக்கும், கியர் விழும், இரும்பு முனகும். இதில் எதுவுமில்லை. எத்தனையோ நாள் தூரத்தில் எங்கோ அடித்த ஒரு காற்று தண்ணீரைத் தட்டிவிட, அந்தத் தட்டல் அத்தனை கடலையும் தாண்டி வந்து, ஒரு கண்டக்டரின் இரண்டு பாதங்களை இவ்வளவு மெதுவாகத் தாங்கியது. எழுந்து நின்றாள். பாதம் குறுக்கே, முழங்கால் தளர்வாக. பலகை கீழ்நோக்கிச் சரிந்தது. இடுப்பு சாயத் துடித்து, பிறகு சாயவில்லை.

அவள் முன்னால் பார்த்தாள்.

போகிற திசை கண்ணெதிரே திறந்து கிடந்தது. கரை, தகரக் கொட்டகை, பஸ் திரும்புகிற இடம், மணலில் ஒரு துவாலையோடு ஒரு மனுஷர், எல்லாம் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன. காதில் பட்டுத் துணியைக் கிழிப்பது போன்ற ஒரே ஒரு சத்தம், பலகை தண்ணீரைப் பிளக்கிற சத்தம். அதைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. எத்தனை பேர் என்பது இல்லை. தொப் என்ற சத்தம் இல்லை. நாற்பத்தொன்று இல்லை. ஒரு வண்டி நிறைய ஆட்களைத் தலைக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தவள், முதன்முறையாகக் காலி வண்டியாக ஓடினாள். ஆனால் தூங்கின மாதிரி இல்லை. இவ்வளவு விழிப்பாக அவள் எந்த நாளும் இருந்ததில்லை. உள்ளங்காலுக்கு அடியில் தண்ணீரின் ஒவ்வொரு நெளிவும் தனித்தனியாகத் தெரிந்தது.

பலகை மணலைத் தொட்டு நின்றபோது, அவள் இறங்கி முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் ஓடியது என்று தெரியவில்லை. பத்து வினாடி இருக்கலாம். ஒரு காலை முழுவதும் ஆனது போல் இருந்தது.

கணவர் ஓடிவந்தார், முழங்கால் வரை தண்ணீரில், செருப்போடு.

"எவ்ளோ நேரம் வந்தேன்? எண்ணினீங்களா?"

"எங்க எண்ணுறது?" அவர் துவாலையை அவள் தோளில் போர்த்தினார். "வாயத் திறந்து பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

மணலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவள் அலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நான் பாக்கலங்க."

அவர் என்னைக்கு என்று கேட்கவில்லை.

"கண்ணு படி மேல இருந்துச்சு. நான் எண்ணிட்டு இருந்தேன். பாக்காமலே மணி அடிச்சேன்."

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகி மூடினார். நன்றாக மூடியிருந்ததை இன்னொரு தடவை திருகினார். "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"பாத்திருந்தா, இப்ப இத்தன தடவ பாக்க மாட்ட."

மறுநாள் அவள் பச்சைப்பை அம்மாவின் வீட்டுக்குப் போனாள். அவர் நாலுகால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் உட்காராமல், நின்றபடியே சொல்லிவிட்டாள். அந்த அம்மா அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"இத எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ" என்றார் கடைசியில்.

"ஆமாங்கம்மா."

"சொல்லிட்ட. எனக்குக் கோபம் வருது. வரட்டும், அது என் பாடு." தாங்கியை ஓர் அடி நகர்த்தி வைத்தார். "நீ இனிமே பாரு. அவ்ளோதான்."

சோதனை ஓட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை. பரிசோதகர் முன்பக்கம் மூன்றாவது சீட்டில் தாளை மடியில் வைத்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், இருமிக்கொண்டே இருந்தார். டிரைவர் பழைய டிரைவர்தான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "தூணக்கா, எரும சௌக்கியமா?" என்றார். டைம் கீப்பர் விஷயத்தை டிப்போ முழுக்கப் பரப்பியிருந்தார்.

முதல் நிறுத்தத்தில் கை கயிற்றில் தயங்கியது. இரண்டு தடவை பார்த்த பிறகுதான் அடித்தாள். பரிசோதகர் ஏதோ எழுதினார். பெட்ரோல் பங்க் வளைவில் பாதம் குறுக்காகப் போனது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். பாலத்தில் பஸ் ஏறி இறங்கியபோது உள்ளங்காலில் அலை ஒன்று வந்து போனது.

பிறகு ஆஸ்பத்திரி நிறுத்தம்.

பின்வாசல் வழியாக ஒரு கூட்டமே இறங்கியது. கட்டுப் போட்ட கையோடு ஓர் ஆள், தூக்கு வாளியோடு ஒரு பெண், கடைசியாக ஒருவர் கைத்தடியை முதலில் இறக்கி, காலைப் பிறகு இறக்கினார். நடந்து நடைபாதையில் ஏறினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

தூணக்கா படியைப் பார்த்தாள்.

இரும்பு விளிம்பு நடுவில் மட்டும் தேய்ந்து வெள்ளி போல் பளபளத்தது. இத்தனை வருஷம் இத்தனை கால்கள் தேய்த்தது. ரப்பர் விரிப்பில் நீளவாக்கில் மூன்று பள்ளங்கள். நடுப்பள்ளத்தில் ஒரு கொண்டை ஊசி சிக்கியிருந்தது. படிக்கு அப்பால் ஈரமான சிமென்ட் தரை, அதில் வானம். யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் நாளுக்கு நூறு தடவை அந்தப் பக்கம் கண்ணை வைத்திருந்தவள் அந்தப் படியை இப்போதுதான் பார்த்தாள். ஒரு சாதாரணப் பஸ் படி, அந்த அலையின் பச்சை முகத்தைப் போலவே, அவ்வளவு துல்லியமாக, அவ்வளவு முழுசாக அங்கே இருந்தது.

காலி.

மறுபடி பார்க்கவில்லை. கயிற்றை இழுத்தாள். டிங், டிங்.

பஸ் கிளம்பியது. அவள் திரும்பி, பயணிகளின் தலைகளுக்கு மேலாக, முன் கண்ணாடி வழியே பார்த்தாள். சாலை அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் மரங்கள் இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. அவளுக்குள்ளே எங்கோ தொப் என்று ஒரு சத்தம் கேட்டது, கேட்டுவிட்டுப் போனது.

பரிசோதகர் இருமிக்கொண்டே எழுந்து, கம்பியை இறுகப் பிடித்தபடி அவள் பக்கம் வந்தார். தாளில் ஒரு கட்டம் மட்டும் நிரப்பாமல் இருந்தது.

"வண்டியில இப்ப எத்தன பேர்மா?"

டிரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் போய் யாரிடம் கேட்கிறார்! தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே.

தூணக்கா வாயைத் திறந்தாள். அந்த எண் வழக்கமாக நிற்கிற இடத்தில் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தாள், சுத்தமாக இல்லை. முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"இருங்க சார்," என்றாள். "எண்ணிச் சொல்றேன்."